ஜுஹு, சாந்தாகுரூஸ், சஹார்: மும்பையில் ஏர் இந்தியாவின் பயணியர் முனையங்கள்

1953 ஆகஸ்ட் 1 அன்று இந்திய அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி இரண்டு கழகங்களிடம் பிரித்துக் கொடுத்தது. வெளிநாட்டுப் பயணம் ஏர் இந்தியா இன்டர்நேஷனலுக்குப் போனது, உள்நாட்டுப் பயணம் இந்தியன் ஏர்லைன்ஸுக்குப் போனது. 2007 ஆகஸ்டில் அதே அரசு இரண்டையும் மறுபடி ஒன்றாக்கியது. நிறுவன வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் தவறாமல் குறிக்கிறார்கள். மும்பை விமான நிலையத்தின் தரையில் நின்று பார்த்தால் கணக்கு வேறாக இருக்கிறது. சட்டத்தில் 1953இல் விழுந்த கோடு தரையில் விழுந்தது 1981இல். சட்டத்தில் 2007இல் அழிந்த கோடு தரையில் அழிந்தது 2015 அக்டோபர் 1இல். இந்த இடைவெளிகளின் சுமையைத் தாங்கியவர்கள் ஒரு விமானத்தில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டியிருந்த பயணிகள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். ஏர் இந்தியாவும் அதன் முன்னோடி நிறுவனமும் மும்பையில் எந்தெந்தக் கட்டடங்களிலிருந்து பயணிகளை ஏற்றி இறக்கின, அந்தக் கட்டடங்கள் யார் கையில் இருந்தன என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

ஜுஹு

தொடக்கத்தில் முனையம் என்று ஒன்று இல்லை. 1932 அக்டோபர் 15 அன்று, ஏர் இந்தியாவின் முன்னோடியை நிறுவிய ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒரு புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையுடன் கிளம்பி, அகமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பிற்பகலில் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து தபாலை இன்னொரு விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். ஆக, டாடாவின் முதல் வழித்தடத்தின் ஒரு முனை கராச்சி, மறுமுனை சென்னை. பம்பாய் நடுவில் கைமாறும் இடம். இந்த நகரத்தின் விமான நிலைய வரலாற்றில் மாறிச் செல்லும் பயணமே முதல் நாள் பயணம் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பின்னால் வரும் சிக்கல்களெல்லாம் இந்த ஒரு செயலைச் சுற்றியே எழுந்தன.

ஜுஹு 1928இல் தொடங்கிய விமானத் திடல். கடலோரச் சேற்று நிலம். மழைக்காலம் வந்தால் ஓடுபாதை நீரில் கிடக்கும், டாடா நிறுவனம் மூட்டை முடிச்சுகளோடு புனேவுக்கு இடம்பெயரும். மற்ற மாதங்களில் அதன் அலுவலகம் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகையிலேயே கணக்கும் நடந்தது, தபாலும் எடை போடப்பட்டது. பயணி என்று யாராவது வந்தால் அவரும் அங்கேதான் காத்திருந்தார். முதல் ஆண்டில் நிறுவனம் ஏற்றிச் சென்ற பயணிகள் 155 பேர், தபால் பத்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. சம்பாதித்த லாபம் 60,000 ரூபாய். தபால்தான் வருமானம், பயணி தபாலோடு சேர்ந்து போகிறவர். அவருக்கென்று ஒரு கட்டடம் எழுப்ப அன்று எந்தக் காரணமும் இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் வழித்தடங்கள் தெற்கே நீண்டன. 1935இல் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒன்று. 1938இல் பேரரசு விமானத் தபால் திட்டத்தின்கீழ் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புக்கு இன்னொன்று. இவற்றுக்கெல்லாம் தலைமையிடமாக இருந்தது அதே ஜுஹுதான். கொட்டகைக்கு நிறுவனமே உரிமையாளர், பயணியை வரவேற்றதும் வழியனுப்பியதும் நிறுவனத்தின் ஆள்.

சாந்தாகுரூஸ்

இரண்டாம் உலகப் போரின்போது ஜுஹுவுக்குக் கிழக்கே சாந்தாகுரூஸில் பிரிட்டிஷ் விமானப் படை பெரிய விமானத் தளம் ஒன்றை நடத்தியது. பரப்பு சுமார் 1,500 ஏக்கர். 1946இல் அது குடிமைப் போக்குவரத்துக்குக் கைமாறத் தொடங்கியபோது, கைவிடப்பட்ட இரண்டு விமானக் கொட்டகைகளைப் பயணியர் முனையங்களாக மாற்றினார்கள். ஒன்று உள்நாட்டுக்கு, ஒன்று வெளிநாட்டுக்கு. இரு பக்கமும் சுங்கமும் குடியேற்றச் சோதனையும், நடுவில் உட்காரும் கூடம். இவற்றை ஒட்டித் தனக்கென ஒரு முனையத்தை ஏர் இந்தியா வைத்துக்கொண்டது. மற்ற நிறுவனங்களின் பயணிகள் பொதுக் கொட்டகைக்குள் போக, ஏர் இந்தியாவின் பயணி பக்கத்திலிருந்த அதன் சொந்தக் கட்டடத்துக்குள் போனார்.

மும்பை வரலாற்றில் ஒரு விமான நிறுவனம் முனையத்தின் உண்மையான சொந்தக்காரராக இருந்த காலம் இது. டாடா ஏர்லைன்ஸ் 1946 ஜூலையில் ஏர் இந்தியா என்ற பொது நிறுவனமாகியிருந்தது. 1948 மார்ச்சில் அரசும் சேர்ந்து பங்கு வைத்த ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பிறந்தது. அந்த ஆண்டு ஜூன் 8 அன்று ‘மலபார் பிரின்சஸ்’ என்ற கான்ஸ்டலேஷன் விமானம் 35 பயணிகளோடு கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. 35 பேரைப் பெயர் சொல்லி அழைக்கலாம், ஒவ்வொருவர் பெட்டியையும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஏர் இந்தியாவின் விருந்தோம்பலுக்குப் பின்னாளில் கிடைத்த பெயர் இந்தச் சின்ன அளவில், சொந்தக் கட்டடத்துக்குள் உருவானது என்பது என் கணிப்பு. ஜன்னலுக்கு என்ன திரை, நாற்காலி எங்கே, முதலில் யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் நிறுவனம் தானே முடிவு செய்ய முடிந்தது.

அந்த நிலை நீடிக்கவில்லை. பிரிவினையில் கராச்சி பாகிஸ்தானுக்குப் போய்விட, மேற்குக் கடற்கரையின் விமான வாசலாகப் பம்பாய் மாறியது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஆறு விமானங்கள் வந்து போன இடத்தில் 1949க்குள் நாற்பது ஆகிவிட்டது. 1950இல் புதிய முனையத்தின் வேலை தொடங்கி 1958இல் அது திறக்கப்பட்டது. இன்று முதல் முனையம் என்று அழைக்கப்படும் பகுதியின் வேர் அந்தக் கட்டடம். கட்டியது பொதுப்பணித் துறை, உரிமையாளர் அரசு. ஏர் இந்தியா அங்கே இடம் பெற்ற பல நிறுவனங்களில் ஒன்றாகியது. பழைய பகுதி அதன் பராமரிப்புக் கொட்டகைகளோடு ‘ஓல்டு ஏர்போர்ட்’ என்ற பெயரில் கலினா பக்கம் நிலைத்தது. ஊழியர் குடியிருப்புகளும் அங்கேயே வளர்ந்தன.

இதற்கிடையில் 1953இன் சட்டம் வந்துவிட்டது. அதில் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாட்டுடைமையானபோது பழைய ஏர் இந்தியாவின் உள்நாட்டு வழித்தடங்கள் மற்ற ஏழு நிறுவனங்களோடு சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸுக்குள் போயின. வின்சென்ட் தபால் மூட்டையோடு பறந்த பம்பாய்–சென்னைத் தடமும் அப்படியே கைமாறியது. அதன்பின் சென்னையிலிருந்து பம்பாய் வந்து லண்டன் போகிறவர், பாதி வழியை ஒரு நிறுவனத்திலும் மீதியை இன்னொன்றிலும் பறந்தார். ஆனாலும் 1958 முதல் 1980 வரை அவர் பெரிதாகச் சிரமப்பட்டிருக்க மாட்டார். இரண்டு நிறுவனமும் ஒரே முனையத்தின் இரு பக்கங்களில் இருந்தன. உள்நாட்டுப் பக்கத்தில் இறங்கி வெளிநாட்டுப் பக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். சட்டம் பிரித்ததைக் கட்டடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தே வைத்திருந்தது.

துபாய்க்குப் போகிறவர்கள்

அந்தக் கட்டடத்தை உடைத்தது கூட்டம். 1960இல் போயிங் 707 வந்தது. 1962இல் ஏர் இந்தியா தன் விமானங்கள் அனைத்தையும் ஜெட் விமானங்களாக மாற்றிக்கொண்டது. 1971 ஏப்ரலில் ‘எம்பரர் அசோகா’ என்ற முதல் போயிங் 747 சாந்தாகுரூஸில் இறங்கியது. 707இல் வந்தவர்களைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரே விமானத்தில் வந்து இறங்கினால் சுங்க மேசையின் முன் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சாந்தாகுரூஸ் முனையம் ஒரே நேரத்தில் 600 வெளிநாட்டுப் பயணிகளையும் 600 உள்நாட்டுப் பயணிகளையும் தாங்கக் கட்டப்பட்டது. 1979இல் நெரிசல் நேரத்தில் வெளிநாட்டுப் பக்கம் மட்டும் 1,200 பேர் நின்றார்கள், உள்நாட்டுப் பக்கம் 700 பேர்.

அந்தக் கூட்டத்தில் வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளர்கள் நிறைய. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதும் துபாய், அபுதாபி, குவைத், சவுதி எங்கும் கட்டட வேலை குவிந்தது. அன்று அந்த நாடுகளுக்குப் போகப் பெரும்பாலான தென்னிந்தியர்களுக்கு வழி பம்பாய்தான். ஏஜென்ட் இருந்ததும் இங்கே, விசா வந்து சேர்ந்ததும் இங்கே, மருத்துவச் சோதனை நடந்ததும் இங்கே. கேரளத்திலிருந்தும் தமிழகத்தின் கடற்கரை மாவட்டங்களிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள், தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஊர்க்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, டிக்கெட் கைக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். மும்பைத் தமிழர் வரலாற்றில் இந்த விருந்தினர்களுக்கு இன்னும் ஒரு நல்ல நூல் எழுதப்பட வேண்டும். இரண்டு அறை வீட்டில் முகம் தெரியாதவருக்குப் பாய் விரித்தவர்கள் நம் சமூகத்தின் விமான நிலைய விடுதியை நடத்தினார்கள். முனையம் செய்யாத வேலையை அவர்கள் செய்தார்கள்.

1978 புத்தாண்டு இரவில் துபாய்க்குக் கிளம்பிய ‘எம்பரர் அசோகா’ பாந்திராவுக்கு அப்பால் கடலில் விழுந்து 213 பேரும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 21 இரவு சாந்தாகுரூஸ் முனையத்தில் பெருந்தீ பிடித்து மூன்று பயணிகள் இறந்தார்கள். பழுதுபார்க்கும் வரை புறப்பாடுகளைத் தாங்க, அக்டோபரில் ஒரு கூடுதல் பகுதியைத் திறந்தார்கள். அதற்கு வழங்கிய பெயர் ‘கல்ஃப் டெர்மினல்’. இரண்டு மடங்கு கூட்டம் அடைந்து நின்ற ஒரு கட்டடத்தில் தீ பிடித்தது என்பதை விபத்து என்ற ஒரே சொல்லால் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதன் கொள்ளளவும் பயணியர் எண்ணிக்கையும் ஆண்டுக்கணக்கில் பொருந்தாமல் இருந்தது எல்லோர் கண்முன்னும் நடந்த விஷயம்.

சஹார்

புதிய முனையத்தின் திட்டம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1972இல் அமைக்கப்பட்ட இந்தியப் பன்னாட்டு விமான நிலைய ஆணையம் சாந்தாகுரூஸுக்கு வடகிழக்கே, அந்தேரி கிழக்கில், சஹார் கிராமத்தை ஒட்டி நிலத்தைத் தேர்ந்தெடுத்தது. 1981 ஜனவரியில் அது திறக்கப்பட்டதும் வெளிநாட்டு விமானங்கள் அனைத்தும் அங்கே போயின, உள்நாட்டு விமானங்கள் சாந்தாகுரூஸில் தங்கின. ஓடுபாதைகள் பொதுவானவை, விமானங்கள் ஒரே தரையில்தான் இறங்கின. பயணிக்கு மட்டும் இரண்டு நிலையங்கள். 1953இன் கோடு கான்கிரீட்டாக மாறிய நாள் அது.

சென்னையிலிருந்து இந்தியன் ஏர்லைன்ஸில் வந்து ஏர் இந்தியாவில் துபாய் போகிறவர் சாந்தாகுரூஸில் இறங்கி, பெட்டியை எடுத்து, பேருந்துக்கோ டாக்சிக்கோ காத்திருந்து, சஹார் போய், மறுபடி வரிசையில் நின்றார். வழியில் ஹைவே நெரிசல். இரண்டு நிறுவனமும் ஒரே அரசுடையவை, ஒரே அமைச்சகத்தின் கீழ் இருந்தவை. ஆனாலும் பயணி ஒன்றின் கதவைத் தாண்டிவிட்டால் மற்றதற்கு அவர் புதியவர்.

சஹாரின் வளர்ச்சியில் ஏர் இந்தியாவுக்குத் தனியிடம் கிடைத்ததும் உண்மை. முதலில் கட்டிய பகுதி 2ஏ ஆனது. எண்பதுகளின் நடுவில் சேர்ந்த 2பி, ஏர் இந்தியாவையும் அது தரைப்பணி செய்து கொடுத்த நிறுவனங்களையும் தாங்கியது. 1999 அக்டோபரில் ஏர் இந்தியாவுக்கென்றே 2சி திறக்கப்பட்டது. விமான நிலையம் சத்ரபதி சிவாஜியின் பெயரைப் பெற்றதும் அதே ஆண்டில்தான். 1946இல் கொட்டகைகளை ஒட்டி வைத்திருந்த சொந்த முனையத்துக்குப் பிறகு ஏர் இந்தியாவுக்குத் தனிக் கட்டடம் கிடைத்தது இப்போதுதான். ஆனால் இம்முறை அது வாடகைக்காரர். கூரையும் சுவரும் ஆணையத்துடையவை.

சாந்தாகுரூஸ் பக்கத்திலும் இதையொத்த பிரிவு நடந்தது. 1992 ஏப்ரலில் இந்தியன் ஏர்லைன்ஸுக்காக 1ஏ வந்தது. அதே ஆண்டுகளில் தனியார் நிறுவனங்கள் பறக்கத் தொடங்கின, அவை 1பியில் குவிந்தன. தொண்ணூறுகளின் முடிவில் ஏர் இந்தியாவுக்கு ஒரு மூலை, இந்தியன் ஏர்லைன்ஸுக்கு ஒரு மூலை, நடுவில் ஓடுபாதைகள்.

சஹார் வந்ததில் கிழக்குப் புறநகர்களுக்கு ஒரு வசதி கிடைத்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சாந்தாகுரூஸ் முனையத்தின் வாசல் மேற்கே, வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே பக்கம். விக்ரோலியிலிருந்தோ காட்கோபரிலிருந்தோ அங்கே போக விமான நிலையத்தைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய்ச் சேர வேண்டும். சஹாருக்குச் சாக்கிநாக்கா, மரோல் வழியாகப் போய்விடலாம். பின்னாளில் ஜோகேஸ்வரி–விக்ரோலி இணைப்புச் சாலையும் வந்தது. 2014இல் காட்கோபர்–வெர்சோவா மெட்ரோ ஓடத் தொடங்கியது. இப்போது விக்ரோலியில் லோக்கல் ஏறி அடுத்த நிலையமான காட்கோபரில் இறங்கி, மெட்ரோவில் மரோல் நாக்கா போய், அங்கே மெட்ரோவின் மூன்றாம் தடத்துக்கு மாறினால் சர்வதேச முனையத்தின் பக்கத்திலேயே இறங்கலாம். விக்ரோலியின் கண்ணம்வார் நகர், டாகூர் நகர் மக்கள் இரவு விமானத்துக்கு ஆட்டோ பேசி அலைந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது சின்ன மாற்றமாகத் தோன்றாது.

மீண்டும் ஒரே கூரை

2006இல் விமான நிலையம் ஜிவிகே குழுமத்தின் தலைமையிலான மும்பை சர்வதேச விமான நிலைய நிறுவனத்தின் கைக்குப் போனது. 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன. இணைப்பு அறிவிக்கப்பட்ட பிறகும் எட்டு ஆண்டுகள் ஏர் இந்தியாவின் உள்நாட்டுப் பயணி 1ஏவில் ஏறினார், வெளிநாட்டுப் பயணி சஹாரில் ஏறினார். பெயர்ப்பலகையும் டிக்கெட்டும் ஒன்று, நிலையம் இரண்டு. அந்த இணைப்பு ஏன் தடுமாறியது என்று எழுதியவர்கள் ஊழியர் சம்பள விகிதத்தையும் கடனையும் விமான வாங்கலையும் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். உள்நாட்டுத் தடங்களிலிருந்து பயணியைத் திரட்டி வெளிநாட்டு விமானத்தை நிரப்புவதுதான் இணைப்பின் வணிகத் தருக்கம். மும்பையில் அந்தத் தருக்கம் நடைமுறைக்கு வரக் கட்டடமே இல்லை என்பதற்கு உரிய எடை கொடுக்கப்படவில்லை என்று நினைக்கிறேன்.

பழைய சஹார் இருந்த இடத்திலேயே புதிய இரண்டாம் முனையம் எழுந்தது. ஸ்கிட்மோர், ஓயிங்ஸ் அண்ட் மெரில் வடிவமைத்து, லார்சன் அண்ட் டூப்ரோ கட்டியது. 2014 ஜனவரி 10 அன்று பிரதமர் மன்மோகன் சிங் அதைத் திறந்துவைத்தார், பிப்ரவரி 12 முதல் வெளிநாட்டு விமானங்கள் அங்கிருந்து பறந்தன. மேற்கு ஹைவேயிலிருந்து வரும் சஹார் உயர்சாலையும் அந்த பிப்ரவரி 12 அன்றே திறக்கப்பட்டது. உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் ஒரே கட்டடம் என்பது அதன் அடிப்படைத் திட்டம். 2015 அக்டோபர் 1 அன்று ஏர் இந்தியாவின் உள்நாட்டு விமானங்கள் அங்கே வந்து சேர்ந்தன. 1953இல் பிரிந்த இரண்டும் மும்பையில் மறுபடி ஒரே கூரையின் கீழ் வந்த நாள் அதுதான்.

ஆனால் அந்தக் கூரையில் ஏர் இந்தியாவின் முகம் எங்கே? இங்கே ஒரு மாற்றத்தைத் தனியாகக் குறிக்க விரும்புகிறேன். ஐம்பதுகளிலிருந்து ஏர் இந்தியா இந்திய ஓவியர்களின் படைப்புகளைத் தேடி வாங்கித் தன் அலுவலகங்களில் மாட்டியது. ஹுசேன், கைதோண்டே போன்றவர்களை அது ஆரம்பத்திலேயே அடையாளம் கண்டது. பயணி இந்தியக் கலையைச் சந்தித்தது விமான நிறுவனத்தின் சுவரில். புதிய முனையத்தில் ‘ஜெய ஹே’ என்ற பெயரில் 5,000க்கும் மேற்பட்ட கலைப்பொருள்களை அமைத்தது விமான நிலைய நிறுவனம், திட்டமிட்டவர் ராஜீவ் சேத்தி. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடாவுக்குத் திரும்பியபோது அதன் ஓவியங்கள் உடன் போகவில்லை. அரசு அவற்றைத் தேசிய நவீன கலைக்கூடத்திடம் ஒப்படைத்தது. நாட்டின் முகத்தைப் பயணிக்குக் காட்டும் வேலை நிறுவனத்திடமிருந்து நிலையத்துக்குக் கைமாறிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. டாடா திரும்பப் பெற்றது விமானங்களையும் தடங்களையும் பெயரையும். மும்பையில் 1946இல் வைத்திருந்ததைப் போன்ற சொந்த வாசல் அந்தப் பட்டியலில் இல்லை. கலினா குடியிருப்புகளிலிருந்த ஊழியர்களும் வெளியேற வேண்டியிருந்தது, அந்த நிலம் நிறுவனத்துடையது அல்ல என்பதால்.

2021இல் விமான நிலையம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. 2024 நவம்பரில் விஸ்தாரா விமான நிறுவனமும் ஏர் இந்தியாவோடு இணைந்தது. சாந்தாகுரூஸின் முதல் முனையத்தை இடித்துக் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2025 அக்டோபர் 8 அன்று நவி மும்பை விமான நிலையம் திறந்துவைக்கப்பட்டு, டிசம்பர் 25 முதல் விமானங்கள் பறக்கின்றன. ஏர் இந்தியா குழுமத்தின் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அங்கே தொடக்கத்திலேயே இடம்பிடித்தது.

ஆக, பத்தாண்டு ஒன்றாக இருந்த பிறகு ஏர் இந்தியா குழுமத்தின் மும்பைப் பயணிகள் மறுபடி இரண்டு இடங்களில் ஏறுகிறார்கள். இம்முறை இடையில் இருப்பது ஓடுபாதை மட்டுமல்ல, தானே கழிமுகமும் ஒரு முழு நகரமும். நவி மும்பையில் இறங்கி சஹாரில் ஏற வேண்டியவரின் பெட்டியை யார் கொண்டுபோவது, தாமதமானால் அடுத்த விமானத்துக்கு யார் பொறுப்பு, பேருந்து யாருடையது என்பவை எழுத்தில் முடிவாக வேண்டும். 1981இல் இரண்டு அரசுக் கழகங்களும் ஓர் ஆணையமும் சேர்ந்து தீர்க்க வேண்டியிருந்தது இது. இன்று இரண்டு நிலையங்களையும் நடத்துவது ஒரே அதானி குழுமம், இரண்டிலிருந்தும் பறப்பது ஒரே டாடா குழுமத்தின் விமானங்கள். மேசையில் உட்கார வேண்டியவர்கள் இரண்டே பேர்.